படிக்கட்டூர் மூழ்கிய சனிக்கிழமை

கப்பலிலிருந்து
ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஃபோன் வாரத்துக்கு இரண்டு நிமிடம்தான், அதுவும் முதுகுக்குப் பின்னால் ஒருவன் எப்போது முடிப்பாய் என்று நிற்பான். கப்பலின் நெட் வேலைக்கு மட்டும். சாமான் கொண்டுவரும் படகில் தபால் போகும், வரும். கடலுக்கடியில் கேபிள் போடுகிற கப்பலில் இருக்கிறேன், கேபிள் முனைகளை ஒட்டுவதுதான் என் வேலை, ஆனால் வீட்டோடு பேச வழியில்லை. நீ சிரிக்கிறது இங்கே கேட்கிறது.

ஒரு உதவி வேண்டும். நான் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் என் சிநேகிதர்கள் மூன்று பேரும் நம் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று சொன்னாய். பல் டாக்டர், பஸ் ஓட்டுகிற நம்ம ஸ்டியரிங், பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிற பெயின்ட். நான் அக்டோபரில் திரும்பும்வரை ஆட்டம் நின்றால் அதோடு செத்துவிடும். நீதான் என் இடத்தில் கதைசொல்லியாக உட்கார வேண்டும்.

டீ கொடுத்தபடி பாதி கேட்டிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பாத்திரம். டாக்டர் லஞ்சம் வாங்குகிற சுங்க அதிகாரி, ஸ்டியரிங் வாள்காரி, பெயின்ட் சுவர் ஏறுகிற திருடி. நீ "கதவு பூட்டியிருக்கிறது" என்பாய். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று வந்தால் பகடை உருட்டுவார்கள். பகடை விழுந்தபின் என்ன ஆயிற்று என்பதை நீ சொல்வாய். ஊர், மழை, வில்லன், கதவுக்குப் பின்னால் இருப்பது எல்லாம் உன் கையில். கதைசொல்லி சொன்னதே சட்டம்.

என் அலமாரியில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. அதில் வெள்ளைத் தாள்கள் ஊர் விவரம், சிவப்புத் தாள்கள் கதைசொல்லிக்கு. படிக்கட்டூர் நான் பதினோரு வருடமாகப் படி படியாகக் கட்டிய கற்பனைத் துறைமுகம். எதையும் மாற்றாதே அம்மா. ஆட்டத்தின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள், போதும்.

அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்.
உன் மகன்

வீடு
பிப்ரவரி 2

கண்ணா,

உன் கடிதம் வந்தது, மனசு நிறைந்தது. நாங்கள் நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் மேசையில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் எழுந்து நின்று வரவேற்றார்கள், ஜட்ஜ் வருகிற மாதிரி. கோப்பைத் திறந்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டேன், முதல் தாளிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். வெள்ளை முடிந்ததும் சிவப்பு.

கலங்கரை விளக்கக்காரன் துரோகி, வெள்ள ராத்திரியில் எதிரிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு விளக்கை அணைத்துவிடுவான் என்று நான் வாசித்ததும் பல் டாக்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஆன்ட்டி, அது எங்களுக்குத் தெரியக்கூடாதது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினெட்டு வருடமாகக் கோர்ட்டில் காகிதம் வாசிக்கிறவள் நான். ஒரு தரப்புக்கு வாசித்துக் காட்டாத காகிதம் எங்கள் கோர்ட்டில் செல்லாது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களுக்கே மறைத்துவிட்டு வழக்கு நடத்துவது என்ன நியாயம் என்று கேட்டேன். ஸ்டியரிங் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் பிறகு நடந்ததைக் கேள். ஸ்டியரிங் எழுந்து, "என் வாள்காரிக்கு இது தெரியாது. அவ நேரா கலங்கரை விளக்கத்துக்குப் போய் அந்த ஆளோட சிநேகம் பிடிக்கிறா" என்றாள். போனாள், அவன் கையால் டீ வாங்கிக் குடித்தாள். தன் ஊரைப் பற்றி, தன் அக்காவைப் பற்றியெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. பெயின்ட் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். நான் வாசித்து இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை, ஜட்ஜ் உட்பட. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது கண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், அதாவது தலையை ஆட்டினார்.
அம்மா

கப்பலிலிருந்து
பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

நலம். நீங்கள் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தெரியாமல் செய்தாய், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விளக்கக்காரன் ரகசியம் உடைய வேண்டியது மூன்று வருடம் கழித்து. அதற்காக நான் சின்னச் சின்னத் துப்பு விதைத்து வைத்திருந்தேன். எல்லாம் பாழ்.

சரி செய்ய ஒரு வழி இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை, நீ வாசித்தது தவறான தாள் என்றும் உண்மையான துரோகி வேறு ஆள் என்றும் அறிவித்துவிடு. கதைசொல்லிக்கு அந்த அதிகாரம் உண்டு. யார் என்று மட்டும் சொல்லாதே. மற்ற சிவப்புத் தாள்களை எடுத்து என் அலமாரியில் பூட்டு. அது என்னோட ஊர் அம்மா.

இங்கே நானும் ஒரு ஆட்டம் ஆரம்பித்திருக்கிறேன். சாப்பாட்டு அறையில், ஐந்து பேர். புதிய உலகம், முழுக்க நான் வரைந்த வரைபடம். வாயைப் பிளந்து கேட்கிறார்கள். கப்பலில் நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.
மகன்

வீடு
மார்ச் 15

கண்ணா,

இங்கே அனைவரும் நலம். கப்பலில் நீ பெரிய ஆளாகிவிட்டாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். பக்கத்தில் நின்ற உன் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டார்.

நீ சொன்னபடியே அறிவித்தேன். ஏற்க மாட்டேன் என்றார்கள். "கேட்ட சாட்சியத்தை அழிக்க முடியாதுன்னு நீங்கதானே ஆன்ட்டி சொல்லுவீங்க" என்று டாக்டர் என்னையே மடக்கினார்.

அதோடு அவர் ஒரு புதிய விதிப்புத்தகமும் கொண்டுவந்தார். அதில் கதைசொல்லியின் அதிகாரம் மேசை முழுக்கப் பங்கு போடப்பட்டிருக்கிறது. ஆளுக்கு மூன்று பொத்தான். ஒரு பொத்தானை மேசை நடுவில் வைத்தால், கதைசொல்லியைக் கேட்காமலே ஒரு விஷயத்தை உண்மையாக்கலாம். "இந்தக் கதவுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது" என்றால் இருக்கிறது. எனக்கு இது வசதி, ஏனென்றால் எனக்கு உன்னைப் போலச் சட்டென்று கற்பனை வராது. கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்டால் முழிக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் கோர்ட்டில் தீர்ப்பு ஜட்ஜ் கையில்தான். ஆனால் சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்று ஜட்ஜ் சொல்ல முடியாது. அந்த ஒரு இடம் சாட்சிக்குச் சொந்தம். உன் விதியில் ஜட்ஜும் நீ, சாட்சியும் நீ, கூண்டும் நீ. கோபித்துக்கொள்ளாதே, தோன்றியதைச் சொல்கிறேன்.

உன் அப்பா சனிக்கிழமை டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து கேட்கிறார். கேட்டால், காது வலி என்கிறார்.

குளிர் காற்றில் நிற்காதே.
அம்மா

கப்பலிலிருந்து
ஏப்ரல் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். அப்பாவின் காது வலி சீக்கிரம் குணமாகட்டும்.

அந்தப் பொத்தான் புத்தகம் எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போட்டேன். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொல்லலாம் என்றால், அந்தக் கதவைத் திறக்க யாருக்குப் பயம் வரும்? பயம் வேண்டுமென்றால் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியாதிருக்க வேண்டும். ஊரை ஒருவன் மனசில் முழுதாக வைத்திருந்தால்தான் அதில் எந்தச் சுவரும் இன்னொன்றோடு இடிக்காமல் நிற்கும். நான்கு பேர் சேர்ந்து கட்டிய வீட்டில் கழிவறைக்குள் வாசற்படி வரும். இதற்கு உன் கோர்ட்டில் என்ன பதில்?

இங்கே ஆட்டம் நடக்கிறது. இப்போது மூன்று பேர். வெறும் கூட்டம் போய்விட்டது, ரசனை உள்ளவர்கள்தான் மிச்சம்.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறேன். பகடை தோற்றால், எப்படித் தோற்றார்கள் என்பதை உங்கள் மேசையில் யார் சொல்கிறார்கள்?

வேளைக்கு மாத்திரை போடு.
மகன்

வீடு
ஏப்ரல் 28

கண்ணா,

நீ நலம்தானே? கையெழுத்து முன்பு போல இல்லை, அவசரத்தில் எழுதியிருக்கிறாய்.

நீ சொன்னது சரி. நேர்மையாகச் சொல்கிறேன், பொத்தான் வைத்து ஆடிய சாயங்காலம் சப்பென்று போயிற்று. ஸ்டியரிங் மூன்றையும் ஒரே மூச்சில் வைத்து ஒரு தங்கப் பாலம் கட்டிவிட்டாள். ஆற்றைத் தாண்டியாயிற்று, எதிரி தோற்றாயிற்று, டீ ஆறுவதற்குள் கதை முடிந்தது. எல்லோருக்கும் தாங்கள் ஏமாந்த மாதிரி முகம். "நம்ம பையன் சொல்றது இதுதான்" என்று உன் கடிதத்தை மேசையில் வாசித்தேன். கழிவறைக்குள் வாசற்படி என்ற இடத்தில் டாக்டர் உனக்கு வணக்கம் வைத்தார்.

அதனால் மாற்றினோம். கோப்பில் நீ எழுதியது எழுதியபடி நடக்கும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நீ எழுதாத இடத்தில் யாருடைய பாத்திரம் நிற்கிறதோ அந்த இடம் அவருக்குச் சொந்தம். பகடை தோற்றால் தோற்றவரே சொல்ல வேண்டும். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இதில் ஒரு வேடிக்கை பார்த்தேன். தன் தோல்வியைத் தானே சொல்லச் சொன்னால் மனுஷர்கள் நம்மைவிடக் கொடுமையாகச் சொல்கிறார்கள். பெயின்ட் சுவர் ஏறிப் பகடையில் தோற்றாள். நானாக இருந்தால் கால் சுளுக்கியது என்றிருப்பேன். அவள், "விழல. மேலே போயிட்டேன். அங்க நின்னு பார்த்தா ஊரு எவ்வளவு தாழ்வா இருக்குன்னு தெரியுது. எடுக்க வந்ததை எடுக்க மனசில்லாம இறங்கிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய திருடி திருடுவதில்லை. ராத்திரியில் ஊர்ச் சுவர்களில் எல்லாம் ஒரே உயரத்தில் நீலக் கோடு போட்டுக்கொண்டு திரிகிறாள்.

கப்பலில் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள்? நன்றாகச் சாப்பிடு.
அம்மா

கப்பலிலிருந்து
மே 22

அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

என்ன நீலக் கோடு? என் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. அவள் எதற்காக அதைப் போடுகிறாள்?

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கோப்பின் கடைசித் தாளை நான் வரும்வரை தொடாதே. அது கடைசிக் காட்சி. பதினேழு வயதில் எழுதினேன். அந்த வருடம் எனக்கு எல்லாவற்றின்மேலும் கோபம், அது வேறு விஷயம். அவ்வளவு வருடமும் அந்த ஒரு தாளுக்காகத்தான் ஆட்டத்தை நடத்திக்கொண்டு வந்தேன். மற்றதை நீங்கள் என்னவோ செய்துகொள்ளுங்கள். அதை நான்தான் சொல்வேன், என் வாயால், அவர்கள் முகத்தைப் பார்த்தபடி.

அப்பாவுக்கு அன்பு.
மகன்

வீடு
ஜூன் 10

கண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்தபின் நீ அதைக் கவனிக்க மாட்டாய்.

கடைசித் தாளையும் முதல் நாளே வாசித்துவிட்டேன். சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பயம்தான், வேறொன்றுமில்லை. "வெள்ள ராத்திரியில் விளக்கக்காரன் விளக்கை அணைக்கிறான். தண்ணீர் எல்லாப் படிகளையும் மூடுகிறது. காலையில் ஊர் இல்லை." நீ அவர்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாய், நான் பார்த்தேன். ஸ்டியரிங் அழுதாள். டாக்டர், "படுபாவி, இதை மனசுல வெச்சுக்கிட்டா எங்களுக்கு இத்தனை வருஷம் டீ ஊத்துனான்" என்றார். திட்டுகிற மாதிரி சொன்னாலும் அதில் உன்மேல் இருந்த மரியாதை எனக்குக் கேட்டது.

வெள்ளத்தைத் தடுக்கலாமே என்று நான்தான் கேட்டேன். மூன்று பேரும் என்னை முறைத்தார்கள். எழுதியது எழுதியதுதானாம். ஊர் மூழ்கும் என்று தெரிந்துதான் இத்தனை மாதம் ஆடுகிறார்கள். நீலக் கோடு தண்ணீர் ஏறப்போகிற உயரம். டாக்டருடைய சுங்க அதிகாரி வாங்குகிற லஞ்சம் எல்லாம் படகு செய்யப் போகிறது. பணமாகத் தராதவரிடம் பலகையாக வாங்கிக்கொள்கிறார். ஊரில் ஒருத்தருக்கும் அவர் நோக்கம் தெரியாது, எல்லோரும் அவரைச் சபிக்கிறார்கள். அவர் அதைச் சொல்லிக்கொண்டு சிரிக்கும்போது நான் அவருக்கு இன்னொரு டீ ஊற்றுகிறேன்.

நாங்கள் வேகமாக ஆடியதில் ஊரின் நாட்காட்டிப்படி வெள்ள ராத்திரி இப்போதே வந்துவிட்டது. அடுத்து ஆட வேண்டியது அதுதான். நிறுத்து என்று நீ எழுதினால் அக்டோபர்வரை நிறுத்துகிறேன். நடத்து என்றால் நடத்துகிறேன். உன் பதில் வராமல் தாளைத் தொட மாட்டோம்.

காத்திருக்கும்
அம்மா

வீடு
ஜூலை 20

கண்ணா,

உன்னிடமிருந்து தபால் இல்லை. போன வாரம் ஃபோனில் இரண்டு நிமிடமும் கடல் அமைதியாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். கடலைப் பற்றி நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் சீட்டு ஆடுகிறோம். டாக்டர் தோற்றால் சட்டம் பேசுகிறார். பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஸ்டியரிங் கேட்டாள். கோர்ட்டில் அப்படி எடுத்துக்கொள்வதுண்டு. என் மேசையில் கிடையாது என்றேன்.

ஆனால் ஒரு விஷயம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். செப்டம்பரிலிருந்து ஸ்டியரிங்குக்கு வெளியூர் பஸ், சனிக்கிழமை வர முடியாது. நீ வந்து நடத்தினால் அவள் இல்லாமல்தான் நடத்த வேண்டும். வாள்காரி இல்லாத வெள்ளம் என்ன வெள்ளம்? இருந்தாலும் ஊர் உன்னுடையது. உன் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்பட்டவர்கள்.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. சாப்பிட்டாயா என்பதையாவது எழுது.
அம்மா

கப்பலிலிருந்து
ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் இருந்தது, நிறைய இருந்தது. அதைவிட வெட்கம் அதிகம், அதனால்தான் எழுத வரவில்லை.

இங்கே என் ஆட்டத்துக்கு யாரும் வருவதில்லை அம்மா. ஐந்து பேர் மூன்று ஆனதை உனக்கு எழுதினேன், மூன்று ஒன்று ஆனதை எழுதவில்லை. கடைசியாக மிஞ்சியவர் சமையல்காரர். ஒருநாள் அவரும் எழுந்தார். என் தோளைத் தட்டி, "தம்பி, நீ அருமையா கதை சொல்ற. ஆனா அதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல. கேக்கறதுதான்னா நான் படுத்துக்கிட்டே கேப்பேனே" என்றார். அதற்கு அடுத்த படகில்தான் உன் ஜூன் கடிதம் வந்தது.

ரொம்ப நாள் அதை மடித்து வைத்திருந்தேன். பிறகு வேலையில் ஒன்று தோன்றியது. கப்பலுக்குக் கேப்டன்தான் எல்லாம். ஆனால் கேபிள் இறங்குகிறபோது கப்பல் எவ்வளவு வேகம் போகலாம் என்பதைக் கேபிளைப் பிடித்திருக்கிறவர்கள் சொல்வார்கள். கேப்டன் மறுபேச்சு இல்லாமல் அந்த வேகத்தில் போவார். போகவில்லை என்றால் கேபிள் அறுந்துவிடும். தினமும் இதைப் பார்க்கிறவன் நான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

போன வாரம் சமையல்காரரையும் எலெக்ட்ரீஷியனையும் கெஞ்சிக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் ரகசியத் தாள்கள் அத்தனையையும், சமையல்காரரின் பாத்திரத்தை ஒரு ராஜா கொல்லப் போவது உட்பட, உன்னை மாதிரியே உரக்க வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது உடம்பில் துணி இல்லாத மாதிரி இருந்தது. முடித்ததும் சமையல்காரர் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டார். "அந்த ராஜா என்னை நாளைக்குக் கொல்லப் போறான், அவ்வளவுதானே? அப்ப இன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சமைக்கிறவன் நான்" என்றார். இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பேசியது கொஞ்சம்தான்.

நடத்து அம்மா. ஸ்டியரிங் இருக்கும்போதே நடத்து. வெள்ளம் வரட்டும். கடைசித் தாளை மட்டும் நீ உன் கோர்ட் குரலில் வாசி. அதைவிட நல்ல குரல் அதற்கு இல்லை, என்னுடையது உட்பட.

உன்
மகன்

வீடு
ஆகஸ்ட் 25

என் கண்ணுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ வெட்கப்பட்டு எழுதின கடிதத்தை நான் வெட்கமில்லாமல் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், காகிதத்தை மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும்.

படிக்கட்டூர் மூழ்கிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆரம்பிக்கப் போகும்போது ஒரு சிக்கல். விளக்கக்காரனாகப் பேச ஆள் வேண்டும். இதுவரை நான் பேசினேன், அன்று நான் தாளை வாசிக்க வேண்டும். அப்போது பக்கத்து அறையில் டிவி நின்றது. உன் அப்பா கை கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பகலில் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போட்டுப்போன அதே சட்டை. "அந்த ஆளை நான் பார்த்துக்கறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தானாக வந்து ஒரு மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து நின்று வாசித்தேன். விளக்கக்காரன் விளக்கை அணைக்கிறான் என்று வாசித்து நிறுத்தினேன். படகுகள் எல்லாம் தண்ணீரில் இருக்கின்றன, வாள்காரி முதல் படகில், விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அணைச்சுட்டேன்" என்றார். எழுதியது எழுதியபடி ஆயிற்று. நான் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேசையையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அணைச்சதும் ஒண்ணும் தெரியல. அந்தப் பொண்ணு இந்த இருட்டுக்குள்ள எங்கயோ வருது. எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்ச பொண்ணு. திரும்ப ஏத்திடறேன்."

டாக்டர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அணைத்தபின் அவன் என்ன செய்தான் என்று நீ ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாத இடம் அந்த இடத்தில் நிற்கிறவருக்குச் சொந்தம். "செல்லும்" என்றார் டாக்டர். ஸ்டியரிங் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

பிறகு நான் மிச்சத்தை வாசித்தேன். தண்ணீர் எல்லாப் படிகளையும் மூடுகிறது. காலையில் ஊர் இல்லை. ஒரு எழுத்து மாற்றவில்லை கண்ணா. உன் ஊர் நீ சொன்னபடியே போயிற்று. ஆட்கள் மட்டும் கரையில் நின்று அது போவதைப் பார்த்தார்கள். பெயின்ட், "அவன் இருந்திருக்கணும்" என்றாள். எல்லோரும் உன் பெயரைச் சொன்னார்கள். என் பிள்ளை கட்டிய ஊர் அது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றதற்குப் பிறகு உன்னைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்ட நாள் இல்லை. என்னைப் பற்றியும் கொஞ்சம் பெருமைப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்டியரிங்குக்கு டிசம்பரில் மறுபடி உள்ளூர் பஸ் கிடைக்குமாம். அதுவரை ஆட்டம் இல்லை. படகுகள் ஒதுங்கிய கரையில் ஒரு மலை இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கத்தை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை என்று முடிவு. அது உன்னுடையது, நீ என்ன சொன்னாலும் அதுதான். அதற்கு மேல் ஒரு சாண் கேட்டாலும் டாக்டர் சட்டம் பேசுவார்.

பத்திரமாக வந்து சேர்.
அம்மா

கப்பலிலிருந்து
செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எழுதுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

உன் கடிதத்தைச் சமையல்காரருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் வாசித்தேன். அப்பா விளக்கைத் திரும்ப ஏற்றுகிற இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை. சமையல்காரர் வாங்கி வாசித்தார். முடித்துவிட்டு, "யாருப்பா இவங்க ரெண்டு பேரும்" என்று கேட்டார். எங்க அம்மா, எங்க அப்பா என்று சொன்னேன். அதைச் சொன்னபோது இருந்த பெருமை, ஊரைக் கட்டிய பதினோரு வருடத்தில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்த ஊரை மூழ்கடிக்க அவ்வளவு காலம் காத்திருந்தேன் அம்மா. எத்தனை படி, எத்தனை வாசல், எந்தப் பக்கம் காற்று என்று எல்லாம் தெரியும். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

மலைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி இரண்டு வாரமாக யோசித்தேன். வரைபடம் போட உட்கார்ந்தேன், பழக்க தோஷம். பிறகு பென்சிலை வைத்துவிட்டேன். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றே எல்லோரிடமும் சொல். எனக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். உங்களோடு சேர்ந்து ஏறிப் பார்க்கிறேன்.

அப்பாவிடம் கேள், அவரும் வருகிறாரா என்று.

உன்
மகன்